சப்பாத்தைச் சுற்றிய ஈ

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கைப்பேசி அலறியது. என் மனைவியின் அண்ணன் சூசை.

"மாப்ளே, காடி சும்மாதானே நிக்குது?"

கார் சும்மா நிற்கிறதா என்று மச்சான் கேட்டால், நீ சும்மா இருக்கிறாயா என்று அர்த்தம். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையை விட்ட பிறகு காரும் நானும் ஒரே நிலைமையில்தான் இருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு முறை கிளப்பினால் போதும், பேட்டரி உயிரோடு இருக்கும்.

"சும்மாதான் நிக்குது மச்சான். எங்க போணும்?"

"ஆஸ்பத்திரிக்குலா. அப்பாயிண்ட்மெண்ட். எப்பவும் உள்ள சக்கரை வியாதி, இனிப்பு நீர்தான், வேற ஒண்ணும் இல்ல."

"உங்க மோட்டாருக்கு என்னாச்சு?"

"அதுக்கும் வயசாச்சு. வாரியா, வரலையா?"

"வாரேன், வாரேன்."

சூசை மச்சானுக்கும் அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. மழை வந்தால் அதற்குத்தான் முதலில் தார்ப்பாய் போர்த்துவார். பிறகுதான் தலையில் துண்டு. அந்த மோட்டாரை விட்டுவிட்டு என் காரைக் கேட்கிறார் என்றால் எனக்கு அப்போதே மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. இலவசமாக ஊர்க்கதை கேட்கக் கிடைத்ததே என்று புறப்பட்டுவிட்டேன்.

ஈப்போவுக்கு வெளியே அவருடைய தாமான் குடியிருப்பில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நீளக் காற்சட்டை, காலில் கறுப்புச் சப்பாத்து. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சப்பாத்து அது. அதற்குப் பிறகு மாதா கோயில் திருநாளுக்கு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும். மற்ற நாளெல்லாம் மச்சானுக்கு ஜப்பான் சிலிப்பர்தான். வங்கிக்குப் போனாலும் சிலிப்பர், மந்திரி வந்தாலும் சிலிப்பர்.

"என்னா மச்சான், பொண்ணு பாக்கவா போறோம்?"

"மிஸ்ஸிங்க முன்னாடி மரியாதையா போய் நிக்கணும் மாப்ளே. அதுங்க பட்ட பாட்டுக்கு நாம செய்யறது இதாவது."

தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். அதுவும் என் கண்ணில் படவில்லை. பாருங்கள், இருபது வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவன் நான். எந்தப் பிள்ளை முகத்தில் காய்ச்சல், எது வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிறது என்று கண்ணாடியிலேயே கண்டுபிடித்தவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரின் காலைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

அரை மணி நேரப் பயணம். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. அரசாங்க மருத்துவமனை, அவ்வளவு போதும். இந்தக் கதையில் வருகிற ஒரு தாதிக்கு என்னால் தொல்லை வந்துவிடக் கூடாது.

கார் நிறுத்த இடம் தேடி நான்கு சுற்று. இறங்கியபோது எனக்கு லேசாகத் தலை சுற்றியது. இத்தனை சுற்று சுற்றினால் தலையும் கொஞ்சம் சுற்றத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே... கூட்டம்.

நான்கு கவுன்டர். திறந்திருந்தது ஒன்று. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்று, சக்கர நாற்காலிகள் கழிப்பறை வாசல்வரை வரிசை கட்டியிருந்தன. ஒரு மனிதர் கவுன்டரில் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு வந்தாராம். இன்னும் கூப்பிடவில்லையாம். யாருக்கு எழுதினால் நடக்கும் என்று அவருக்குத் தெரியுமாம்.

என் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா. தெலுக் இந்தான் பக்கமிருந்து மகளைப் பார்க்க வந்தவர், முட்டி வலி. கத்துகிற மனிதரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்கு வந்தா நோய் தீருதோ இல்லையோ தம்பி, பொறுமை வந்துரும். அவருக்கு இன்னும் வரல. அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்ல வந்துரும்."

எழுதி வைத்துக்கொண்டேன். பத்திரிகையில் உங்களுக்கு எழுத இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கத்தானே நான் ஆள் கூடும் இடமாகப் பார்த்துப் போகிறேன்.

மச்சான் மட்டும் அசையாமல் இருந்தார். மருத்துவமனை அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பூசைக்கு வந்தவர் மாதிரி. ஒன்றரை மணி நேரம். ஒரு முணுமுணுப்பு இல்லை.

நம்பர் வந்தது. நானும் கூடவே போனேன்.

சின்ன அறை. மூன்று மேசை. ஆள் இருந்தது ஒரு மேசையில் மட்டும். தாதியின் பெயர் காயத்ரி என்று நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கலாம். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் தூக்கம் இல்லை... களைப்பு இருந்தது. இரண்டும் வேறு வேறு. தூக்கம் தூங்கினால் போய்விடும்.

"வாங்க அங்கிள். சப்பாத்தைக் கழட்டிட்டு இதுல ஏறுங்க. வெயிட் எடுக்கணும்."

மச்சான் கழற்றவில்லை. சிரித்தார்.

"பரவால்ல மிஸ்ஸி. சப்பாத்தோடயே எடுங்க. ஒரு கிலோ கழிச்சிக்குங்க. நான் குனிஞ்சு கழட்டி, திரும்ப மாட்டி... உங்களுக்குத்தான் நேரம் போவும். வெளிய அவ்ளோ பேரு நிக்கிறாங்க."

அவள் ஒரு விநாடி அவரைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே பார்த்தாள். பிறகு தராசைப் பார்த்து எழுதினாள். ஒரு கிலோ கழித்து.

"மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் மிஸ்ஸி."

"கண்ணு மங்கலா இருக்கா?"

"இல்ல மிஸ்ஸி."

"கால்ல புண்ணு, காயம், மரத்துப்போறது...?"

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் கண் மட்டும் சிரித்தது. "இல்ல அங்கிள், இனிமேதான்" என்றாள். எனக்கு மச்சானை நினைத்துப் பெருமையாக இருந்தது. வெளியே ஒருவர் மேசையைத் தட்டுகிறார். உள்ளே ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். என்ன ஒரு மனிதர் என் மச்சான்!

அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அடுத்து டாக்டர். போன முறை பார்த்த டாக்டர் இல்லை. அதற்கு முந்தின முறை பார்த்தவரும் இல்லை. இவர் புதிது. ஒப்பந்தத்தில் வருகிறார்கள், கொஞ்ச நாளில் வேறெங்கோ போய்விடுகிறார்கள் என்று மச்சான் முன்பே சொல்லியிருந்தார். இளம் டாக்டர் தாளைப் பார்த்தார். தாளில் எல்லாம் நன்றாக இருந்தது. இரத்தச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், சோற்றைக் குறையுங்கள் என்றார். மச்சான் தலையாட்டினார். மூன்று நிமிஷம். "தெரிமா காசே, டாக்டர்" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

மருந்து வாங்கும் இடத்தில் மறுபடியும் நம்பர். எங்களுக்கு முன்னால் ஒரு பட்டாளமே இருந்தது.

"வா மாப்ளே, சாகுல் பாய் கடையில ஒரு தண்ணி குடிச்சிட்டு வரலாம்."

மருத்துவமனை வேலிக்கு எதிரே சாகுல் பாயின் உணவுக்கடை. தேநீர், ரொட்டி சானாய், மத்தியானம் சோறு கறி. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் ஒரு தட்டில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் ஒரு பெயர். லீனா. நூருல். காயத்ரி.

"இதெல்லாம் என்னா பாய், பேரு போட்டு வச்சிருக்கீங்க?"

"மிஸ்ஸிங்க ஆர்டர் தம்பி. காலையில மெசேஜ் போட்டுருவாங்க. கட்டி வச்சிருவேன். முன்னாடியெல்லாம் இங்க உக்காந்து சாப்பிட்டு, என் சம்பல்ல உப்பு கூடன்னு சண்டை போட்டுட்டுப் போவாங்க. அந்த நோய் வந்துச்சுல்ல... அதுக்கப்புறம் பொட்டலந்தான். இப்ப அந்தப் பொட்டலத்தை எடுக்கவும் வர நேரமில்ல. மத்தியானத்துக்கு மேல நானே வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகாகிட்ட குடுத்து அனுப்புவேன். சண்டை போட ஆளில்லாம எனக்கே கடை போரடிக்குது."

மச்சான் சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பியை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பாய் நகர்ந்ததும் மெல்லச் சொன்னார்:

"மாப்ளே, அந்த நோய் சமயத்துல நான் பதினோரு நாள் உள்ள கிடந்தேன், ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? போன் அடித்தாலே வீட்டில் எல்லோரும் ஜெபம் செய்த நாள்கள் அவை.

"ஒரு மிஸ்ஸி. தலையில இருந்து கால் வரைக்கும் பிளாஸ்டிக் உடுப்பு. முகம் தெரியாது. கண்ணு மட்டும்தான். எனக்குக் கையில தெம்பு இல்ல. அதுதான் போனைப் பிடிச்சிக்கிட்டு நின்னுச்சு, என் மவ பேசறதுக்கு. எவ்ளோ நேரம்? கை வலிச்சிருக்கும்லா. ஒண்ணும் சொல்லல. மறுநாள் பாக்கறேன், அந்த உடுப்போட தரையில சுவத்துல சாஞ்சு உக்காந்து தூங்குது. அதுதானா, வேற ஒண்ணா... எனக்குத் தெரியல. எல்லாத்துக்கும் ஒரே உடுப்பு."

காப்பியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நெனைச்சேன். உயிரோட வெளிய போனா, இதுங்களுக்கு நம்மால ஒரு தொல்லை வரக் கூடாது. தோட்டத்துல சொல்லுவாங்கல்ல... நெரையில நிக்கிற ஆள நிறுத்தாதே."

தோட்டம் பார்க்காத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கும் பாதைதான் நெரை. விடிவதற்குள் பால் வெட்டுகிறவர் ஒவ்வொரு மரமாகப் போய் வெட்டிக்கொண்டே வருவார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அந்த நேரத்தில் அவரை நிறுத்தி நலம் விசாரித்தால், நீங்கள் கேட்ட அந்த ஒரு நிமிஷம் கடைசி நான்கு மரத்தின் பாலைக் குடித்துவிடும். அதனால் யாரும் நிறுத்த மாட்டார்கள். சாவுச் செய்தியாக இருந்தாலும் நெரை முடிகிற இடத்தில் போய்க் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் மச்சானுக்கு அந்தப் பழக்கம் இரத்தத்தில் இருந்தது. மருத்துவமனைத் தாதியைப் பார்த்தாலும் அவருக்கு நெரையில் நிற்கும் ஆள்தான் தெரிந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. "நல்ல பேச்சு மச்சான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டேன். அழகான பேச்சைக் கேட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்காமல் எழுதிக்கொள்கிற வியாதி எனக்கு.

அப்போது வேலியைத் தாண்டி வேக வேகமாக ஒரு பெண் வந்தாள். முகக்கவசம் தாடையில் தொங்கியது. அதே தாதி.

"பாய், என் பொட்டலம்!"

"அடடே, இன்னைக்கு மிஸ்ஸி நேர்ல வந்துட்டாங்க! மழைதான் வரப்போவுது."

"பதினைஞ்சு நிமிஷம் பாய். அதுக்குள்ள சாப்பிட்டு ஓடணும்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவள் எங்களைப் பார்த்தாள். மச்சான் பாதி எழுந்து நின்றார். "இங்க உக்காருங்க மிஸ்ஸி, நாங்க அந்தப் பக்கம் போறோம்."

அவள் உட்காரவில்லை. எங்கள் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து மேசையில் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன மீன் கறித் தட்டு இன்னும் எடுக்காமல் கிடந்தது. எங்கள் மேசையில் பாதி ரொட்டியும் பருப்பும். கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி.

"அங்கிள்," என்றாள். சத்தம் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "மேல இவ்ளோ சாப்பாடு இருக்கு. அந்த ஈ ஏன் உங்க சப்பாத்தையே சுத்துது?"

நானும் குனிந்து பார்த்தேன். இடது சப்பாத்து. ஒரு ஈ இல்லை, இரண்டு. மச்சான் குதிகால் பக்கம் மிதித்துச் சப்பாத்தைப் பாதி கழற்றி வைத்திருந்தார். வெள்ளைக் காலுறையின் ஓரத்தில் காப்பி சிந்தினது மாதிரி ஒரு கறை.

காப்பி இல்லை.

"கழட்டுங்க."

"இங்கயா மிஸ்ஸி? சாப்பிடற இடம்லா..."

"அப்ப உள்ள வாங்க."

"உங்க பிரேக்கு மிஸ்ஸி. நீங்க மொத சாப்பிடுங்க, நாங்க இருக்கோம். அவசரம் ஒண்ணும் இல்ல. வலியே இல்ல மிஸ்ஸி, நெசமா."

"அதான் அங்கிள் எனக்குப் பயமா இருக்கு. இனிப்பு நீர்க் காலுக்கு வலி தெரியலைன்னா அது நல்ல செய்தி இல்ல. எழுந்திரிங்க."

வாசல் ஜாகாவிடம் சொல்லி ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்தாள். ஆள் வரும்வரை காத்திருக்காமல் தானே தள்ளினாள். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நான் நடக்கறேன் மிஸ்ஸி, நடக்கறேன் மிஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பின்னால் ஓடினேன்.

பாதி வழியில்தான் பார்த்தேன். அவளுடைய பொட்டலம் எங்கள் மேசையிலேயே கிடந்தது. திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

கட்டுப்போடும் அறைக்கு வெளியே நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. காலுறையை வெட்டி எடுத்தாள். நான் ஒருமுறை பார்த்தேன், அப்புறம் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்டு விரல் கறுத்திருந்தது. அதற்குக் கீழே பாதத்தின் ஓரம்...

வேண்டாம். நீங்கள் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு படிக்கிறீர்கள்.

"எப்ப குத்துச்சு?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் மிஸ்ஸி. பாகான் டத்தோவுல கூட்டாளி ஒருத்தனோட செம்பனைத் தோட்டம். ஓலை வெட்டுறதுக்குக் கூட நின்னேன். முள்ளு. சிலிப்பரைத் தாண்டிக் குத்திருச்சு. மஞ்சள் வச்சேன்."

"காலைல கேட்டேனே அங்கிள். கால்ல புண்ணு இருக்கான்னு."

மச்சான் மடியிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"வெளிய கூட்டம் மிஸ்ஸி. ரூம்ல நீங்க ஒரே ஆளு. இதை அவுத்துக் காட்டுனா உங்களுக்கு எவ்ளோ வேலை... நெரையில நிக்கிற ஆள நிறுத்தக் கூடாதுன்னு..."

அவள் கை நின்றது.

"எங்க தோட்டம் அங்கிள் நீங்க?"

சொன்னார்.

"எங்க அம்மா பக்கத்துத் தோட்டத்துல வெட்டுனவங்கதான். எனக்கும் தெரியும் இந்தப் பேச்செல்லாம்." கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "வெட்டுக்காரரை நிறுத்தக் கூடாது, சரி. மரம் ஒளிஞ்சிக்கலாமா?"

"மிஸ்ஸி?"

"என் நெரையில நீங்க வழியில போற ஆளு இல்ல அங்கிள். நீங்கதான் மரம். நான் உங்க முன்னால வந்து நிக்கும்போது நீங்க மறைஞ்சிக்கிட்டா, நான் நெரை முடிச்சேன்னு யார்கிட்ட சொல்றது?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, அவரால் சும்மா இருக்க முடியாது, மெல்லச் சொன்னார்: "மரந்தான் மிஸ்ஸி. வெட்டிப்புடாம பாத்துக்குங்க."

அவள் சிரிக்கவில்லை. "டாக்டரைக் கூப்பிட்டிருக்கேன். இன்னைக்கே வார்டுல சேரணும். கால் இருக்கணும்னுதான் இந்த அவசரம். இன்னும் ரெண்டு வாரம் மறைச்சு வச்சிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க முடியாது."

கால்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கையிலிருந்த பொட்டலம் கனத்தது. காலையில் நான் சிரித்த சிரிப்பு, பட்ட பெருமை, எழுதிக்கொண்ட பேச்சு... எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது மாதிரி.

மச்சானை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வெளியே வந்தாள். பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பதினைந்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

"மன்னிச்சிரும்மா. நான் கூடவே இருந்தேன். மோட்டாரை விட்டுட்டு வந்தாரு. சப்பாத்து போட்டுக்கிட்டு வந்தாரு. நான் கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்."

"நீங்க பரவால்ல அங்கிள். நான் மிஸ்ஸி." சுவரில் சாய்ந்துகொண்டாள். "இனிப்பு நீர்க்காரரு சப்பாத்தைக் கழட்ட மாட்டேங்கிறாரு. படிக்கும்போது மொத பாடமே அதுதான், காலைப் பாருன்னு. நான் ஒரு கிலோ கழிச்சு எழுதிட்டேன். என் கையால. ரூம்ல மூணு பேரு இருக்கணும். ஒருத்தி சிங்கப்பூருக்குப் போய்ட்டா, ஒருத்தி உடம்பு சரியில்லாம எம்சி லீவு. இன்னைக்கு அவரு 'கழட்ட வேணாம்'னு சொன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அதான் எனக்கு இப்ப..."

கவுன்டர் பக்கம் கையைக் காட்டினாள்.

"வெளிய ஒருத்தரு மேசையைத் தட்டுனாரே, பாத்தீங்களா? அவரைப் பத்தி எனக்குப் பயமே இல்ல. அவருக்கு என்னா வேணும்னு ஆஸ்பத்திரிக்கே தெரியும். இந்த 'நல்லா இருக்கேன் மிஸ்ஸி, நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு சிரிச்சிக்கிட்டே கேக்கறாங்க பாருங்க... அவங்களை நெனைச்சாத்தான் பயம்."

"உங்களை யாராச்சும் கேக்கறாங்களாம்மா, எப்படி இருக்கீங்கன்னு?"

"மேட்ரன் கேப்பாங்க. மாசத்துக்கு ஒரு தடவை."

"என்னா சொல்லுவீங்க?"

சிரித்துவிட்டாள். "ஓகே மேட்ரன், நல்லா இருக்கேன்."

பொட்டலத்தை மேல்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டு, மறுபடியும் அந்த மூன்று மேசை அறைக்குள் போனாள். வாசலில் கூட்டம் அப்படியே நின்றது. சாப்பிட்டாளா? தெரியாது.

அன்று வீடு திரும்பும்போது வண்டியில் நான் மட்டும். யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

அந்த நோய்க் காலத்தில் மச்சானுக்கு மருந்து தபாலில் வந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். "தபால்காரர்தான் இப்ப நம்ம டாக்டரு மாப்ளே" என்று சிரிப்பார். மாத்திரை தவறாமல் வந்தது. ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்க்கிற கண் மட்டும் தபாலில் வரவில்லை. நோய் போன பிறகு நாம் எல்லோரும் திரும்பிவிட்டோம். கல்யாண மண்டபம் நிறைகிறது, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நடக்க இடமில்லை. மருத்துவமனைக்கும் பழைய கூட்டம் திரும்பியது. பழைய ஆள்பலம்தான் முழுசாகத் திரும்பவில்லை. இருக்கிறவர்கள் இல்லாதவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்து நமக்கு இரக்கம் வருகிறது. வரத்தான் வேண்டும். அந்த இரக்கத்தில் நாம் என்ன செய்கிறோம்? புண்ணை மறைத்துக்கொள்கிறோம். அவர் தொல்லை கொடுக்கவில்லை, அவளுக்கும் நேரம் இல்லை, தாளில் 'நலம்' என்று விழுந்தது. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கால் மட்டும் உள்ளே அழுகிக்கொண்டிருந்தது.

நமக்குப் பெரட்டுப் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணுவார்களே, அந்தப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு இருக்கிறேன், இடுப்பு வலியோடு இருக்கிறேன் என்றெல்லாம் சொல்லக் கூடாது. தோட்டம் போய்விட்டது, லயத்து வீடுகளும் போய்விட்டன. நாம் இன்னும் எங்கே பெயர் கூப்பிட்டாலும் "இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டுதான் நிற்கிறோம்.

மச்சானின் சுண்டு விரல் போனது. கால் நின்றது.

மூன்றாம் நாள் வார்டில் பார்க்கப் போனேன். முகம் தெளிந்திருந்தது. என் மனைவி அண்ணனின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அட, நீ ஒண்ணு! சுண்டு விரல்தானே? அறுபத்தெட்டு வருஷமா என் கூட இருந்துச்சு, ஒரு நாள் வேலை செஞ்சு நான் பாக்கல. பெரட்டுக்கே வராத பய அவன்."

அவளும் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சொல்லிவிட்டு மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த வாரம் திங்கட்கிழமை மறுபடியும் அப்பாயிண்ட்மெண்ட். போனோம். அதே கூட்டம், அதே கவுன்டர். ஒன்றுக்கு இரண்டு திறந்திருந்தது, அந்த மட்டில் சந்தோஷம். மச்சான் காலில் மருத்துவமனை கொடுத்த அகலமான செருப்பு. கறுப்புச் சப்பாத்து பெட்டிக்குள் போய்விட்டது. அடுத்த கல்யாணம்வரை அது வெளியே வராது என்று அவருடைய மகள் பூட்டே போட்டுவிட்டாளாம்.

நம்பர் சீட்டு எடுக்கப் போகும் வழியிலேயே, தாழ்வாரத்தில் காயத்ரி எதிரே வந்தாள். கையில் ஒரு கட்டு அட்டை, நடையில் வேகம். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். மச்சான் ஒதுங்கவில்லை. நடுத் தாழ்வாரத்தில் நின்றார்.

"மிஸ்ஸி! ஒரு நிமிஷம் நில்லுங்க."

நிறுத்தினார்! நெரையில் போகிற ஆளை நிறுத்தினார். என் கண்ணாலே பார்த்தேன்.

"மரம் வந்துருக்கு மிஸ்ஸி. மொத காலைப் பாருங்க, அப்புறம் போலாம்."

அங்கேயே குனிந்து பார்த்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். "நல்லா ஆறுது அங்கிள்" என்று நிமிர்ந்தவள், போகிற போக்கில் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க எப்படி இருக்கீங்க அங்கிள்?"

"எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன். நீங்க சாப்பி..."

"பொய் சொல்றான் மிஸ்ஸி!" என்றார் மச்சான். "ஒரு மாசமா காரை விட்டு இறங்கும்போதெல்லாம் தலை சுத்துதாம். இப்பக்கூடக் கதவைப் பிடிச்சிக்கிட்டுதான் இறங்கினான்."

போனது மச்சானின் அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு. எடுத்தது இரண்டு சீட்டு.